ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து ஒரு பாஸ்

எங்கள் ஃபேக்டரியில் அவர் காஜா எடுப்பார், நான் பட்டன் தைப்பேன். ஒரு நாளைக்கு நானூறு சட்டை, சட்டைக்கு ஏழு ஓட்டை. பத்தொன்பது வருஷமாக இதே வேலை. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. எங்களுக்கு அவர் காஜாக்கா. "ஓட்டை போட்டே ஒரு பொண்ணக் கட்டிக் கொடுத்துட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வீட்டில் இப்போது அவரும் கணவரும்தான். கணவர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. குறை சொல்ல ஒன்றும் அகப்படாத மனிதரோடு குடும்பம் நடத்துவதும் ஒரு கஷ்டம்தான் என்பது என் அபிப்பிராயம். காஜாக்கா அப்படிச் சொன்னதில்லை.

அவர் வீட்டு ஸ்டேஷனுக்கும் ஃபேக்டரி ஸ்டேஷனுக்கும் நடுவில் பதினாறு ஸ்டேஷன்கள். லோக்கல் ரயில், மாதப் பாஸ். எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் வருகிறோம். ஏறினால் தூங்குவோம், இறங்கினால் ஓடுவோம். நடுவில் இருக்கிற இடங்களில் பெயர்ப் பலகையைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. போன வருஷம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் காஜாக்கா திடீரென்று, "ஞாயித்துக்கெழமைக்கும் சேத்துத்தானே பாஸுக்குக் காசு வாங்குறாங்க? அன்னைக்கு மட்டும் ஏன் சும்மா விடுறோம்?" என்றார். லீவு நாளிலும் ரயில் ஏறவா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவர் கிளம்பிவிட்டார். ஞாயிறுக்கு ஒரு ஸ்டேஷன், வரிசையாக. பாஸ் செல்லாத இடத்துக்குப் போகக் கூடாது, வேறு வண்டி பிடிக்கக் கூடாது, ஒரு மணி நேரம் நடந்துவிட்டு அங்கிருந்து திரும்பிவிட வேண்டும். பையில் தண்ணீர் பாட்டிலும் ரெண்டு பன்னும். செலவென்று பார்த்தால் ஒரு டீ. திங்கட்கிழமை எனக்குக் கதை வரும். மூன்றாவது ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெரு முழுக்கப் பழைய கதவு மட்டுமே விற்கிறார்களாம். கதவைத் திறந்தால் இன்னொரு கதவுதான் தெரிகிறதாம். ஆறாவதில் ஒரு ஏரி, அதன் நடுவே ஒரு கரண்டுக் கம்பம். ஒன்பதாவதில் டீ குடிக்க வந்த ஒருவரின் சட்டையில் நாலாவது காஜா கோணல். "நம்ம கம்பெனி இல்லடி, நல்லாப் பாத்துட்டேன்" என்றார்.

வீட்டில் மட்டும் விஷயத்தைச் சொல்லவில்லை. முதல் தடவை சொல்லிப் பார்த்தாராம். "அங்க யாரு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார் கணவர். யாரும் இல்லை, சும்மா பார்க்கத்தான் என்றதற்கு, "யாருமே இல்லாத எடத்துக்கு எதுக்குப் போவணும்?" என்றாராம். அதற்கு மேல் மல்லுக்கட்ட முடியாமல், ஞாயிறு ஃபேக்டரியில் மெஷின் சர்வீஸ் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டார். பத்து வாரம் அது நன்றாகவே ஓடியது.

பதினோராவது ஸ்டேஷனில் கணவரின் அக்கா வாடகை வீடு பார்க்க வந்திருந்தார். வாய்க்கால் ஓரத்துப் பெஞ்சில் தம்பி பெண்டாட்டி தனியாக உட்கார்ந்து பன் தின்பதையும், தனக்குள் சிரித்துக்கொள்வதையும் தூரத்திலிருந்து பார்த்துவிட்டார். பன்னை மன்னித்திருப்பார், சிரிப்பைத்தான் முடியவில்லை. பக்கத்திலிருந்து ஒருத்தன் இப்போதுதான் எழுந்து போயிருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. காஜாக்கா வீடு போய்ச் சேர்வதற்குள் போன் போய்ச் சேர்ந்துவிட்டது. கணவர் ஃபேக்டரிக்குப் போன் போட்டார். "ஞாயித்துக்கெழம இங்க நானும் பூட்டும்தாங்க" என்றார் வாட்ச்மேன்.

கணவர் கத்தவில்லை. "அடுத்த வாரம் நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் முழுக்கக் காஜாக்கா பயந்துகொண்டேதான் வேலை பார்த்தார். இருபத்தாறு வருஷக் குடும்பம் ஒரு பன்னில் வந்து நிற்கிறதே என்று எனக்கும் பயம்தான். "இருந்தாக் காட்டலாம். ஒண்ணுமே இல்லாதத எப்படிடி காட்டுறது?" என்று கேட்டார்.

பன்னிரண்டாவது ஸ்டேஷன். கணவர் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டடி பின்னாலேயே நடந்தார். டீக்கடைக்காரர் "வாங்க" என்றதும் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சைக்கிளில் போனவர் காஜாக்காவிடம் மணி கேட்டபோது இவர் முந்திக்கொண்டு சொன்னார். ஒரு மைதானத்தில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் ஸ்கூட்டர் பழகிக்கொண்டிருந்தார். காஜாக்கா நின்று அதைப் பார்க்க, கணவர் காஜாக்காவையே பார்த்தார். அப்புறம் ஒரு பம்ப் ஹவுஸ் வந்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் சத்தத்தைக் கேட்டதும் மனிதர் வந்த வேலையை மறந்துவிட்டார். "பேரிங் தேஞ்சிருச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனவர் அரை மணி நேரம் கழித்துத்தான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகம் தெளிந்திருந்தது.

திரும்பி வரும் ரயிலில் அவரே ஆரம்பித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பா நெனச்சுட்டேன், மனசுல வச்சுக்காத. இனிமே வாராவாரம் ரெண்டு பேரும் சேந்தே வரலாம்."

அந்த இடத்தில் சரியென்று சொல்லியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும்.

"வேணாங்க" என்றாராம் காஜாக்கா. "நான் தனியாவே போறேன்."

"ஏன்?"

"மெஷின்ல ஒக்காந்தா மணிக்கு ஒரு தடவ எத்தன ஆச்சுன்னு கேக்குறாங்க. வீட்டுக்கு வந்தா சாவி எங்க, துண்டு எங்க. ரெண்டு மணி நேரம் என்னை யாரும் எதுவும் கேக்காம இருக்கணுங்க."

"யாரும்னா, நானுமா?"

"நீங்களும்தான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே சொன்னாராம்:

"எவனாவது ஒருத்தன் இருந்திருந்தா அவன்கிட்டப் போயி சண்ட போட்டிருப்பேன். இப்ப நான் யார்கிட்டப் போயி சண்ட போடுறது?"

மறுநாள் இதையெல்லாம் சொல்லிவிட்டு காஜாக்கா டிபன் பாக்ஸைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பாவமா இருந்துச்சுடி. ஆனா, சரி வாங்கன்னு சொல்ல வாய் வரல."