நூறும் வயதும்

நீல நிறப் பட்டை அது. கையில் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் உர்ரென்று காற்று ஏறும். எங்கள் கணக்கு டீச்சருக்கு அவர் மகன் வாங்கித் தந்த பிரஷர் மெஷின். ஸ்ரீரங்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் திங்கட்கிழமைதோறும் சாப்பாட்டு வேளையில் அதற்கு தர்பார் நடக்கும். மாவடு பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கையை நீட்டுவோம். டீச்சர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே தீர்ப்புச் சொல்வார்: "நூறோட உங்க வயசக் கூட்டுங்க. அதுக்குள்ள இருந்தா ஒண்ணும் இல்ல, போய்ச் சாப்பிடுங்க."

அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு. மேல் எண் நூற்று ஐம்பத்தெட்டு, கீழ் எண் எழுபது. "பாத்தீங்களா, கணக்கு எவ்வளவு கரெக்டா வருது!" என்று சிரிப்பார். நாங்களும் சிரித்தோம். அவருக்குச் சர்க்கரையும் இருந்தது. அதற்கும் வயசைத்தான் காரணம் சொல்வார்.

என் ஆத்திரம் அவர் மீது மட்டும் இல்லை. நான் உயிரியல் டீச்சர். தமனிச் சுவர் ரப்பர் போல விரிந்து சுருங்கும் என்று கரும்பலகையில் படம் போட்டு, எத்தனை வருடம் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருப்பேன்! அந்தச் சுவர் விறைத்துப்போனால் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும் என்று யோசிக்க எனக்கு என்ன கேடு? எட்டுப் பட்டதாரிகள் உட்கார்ந்திருந்தோம், ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. சீனியர் சொல்கிறார் என்ற மரியாதை. அந்த மரியாதையைக் கொண்டுபோய்க் காவிரியில்தான் போடவேண்டும்.

இரண்டு வருடம் கழித்து, பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே டீச்சர் சரிந்து விழுந்தார். பக்கவாதம். புத்தூர் ஆஸ்பத்திரியில் நாங்கள் கொண்டுபோன அந்த நோட்டை டாக்டர் புரட்டிப் பார்த்தார். "ரெண்டு வருஷமா எழுதியே வச்சிருக்கீங்களேம்மா! வயசுக்கு இது நார்மல்னு யாரு சொன்னது? வயசு, சர்க்கரை, பிரஷர் எல்லாம் சேந்து ரத்தக்குழாய விறைக்க வச்சிருச்சு. அப்பவே மாத்திரை ஆரம்பிச்சிருக்கலாம்."

போன ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன். வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய் ஆறு வருடம் ஆகிறது. மாத்திரையில் இப்போது அவர் பிரஷர் அடங்கியிருக்கிறது. அவருக்கு அளந்து முடித்ததும் அதே நீலப் பட்டையை இடது கையால் என் பக்கம் தள்ளினார். சுற்றிக்கொண்டேன். நூற்று ஐம்பத்தாறு. எனக்கு வயது ஐம்பத்தாறு. டீச்சர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயின் ஒரு பக்கத்தால் நிம்மதியாகச் சிரித்தார். கணக்கு சரியாக வந்துவிட்டதாம்!

"சிரிக்காதீங்க டீச்சர்! இது தப்புக் கணக்கு!" நோயாளி என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

சிரிப்பு நின்றது. கட்டிலோரம் இருந்த தன் மாத்திரை டப்பாவை, பட்டையைத் தள்ளிய அதே கையால், மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

மறுநாள் திங்கட்கிழமை. சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் புத்தூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.