கேத்தலுக்குள் சுண்ணாம்பு

எங்கள் கம்பனியின் விதிப்புத்தகத்தில் ஒரு விதி உண்டு. பங்களாச் சாமான் கெட்டுப்போனால், காரணம் எழுத்தில் உறுதியாகும்வரை எந்த வேலையாளையும் நிறுத்தக் கூடாது. தண்ணீர்மேல் சந்தேகம் இருந்தால், அதில் ஒரு போத்தல் பிடித்துக் கொழும்பு ஏஜண்ட் ஆபீசுக்குச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கராக இருந்த காலமெல்லாம் இதை நான் தூக்கத்திலும் ஒப்பிப்பேன். ஒப்பித்ததோடு நிறுத்தியிருக்கலாம். விழித்திருக்கும்போது செயல்படுத்தவும் போனேன்.

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்தில், முதல் உலக யுத்தத்துக்கு முன்னால், ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலத்தில் நடந்தது இது.

1. விசிட்டிங் ஏஜண்டின் கோப்பை

விசிட்டிங் ஏஜண்ட் என்பவர் கம்பனி சார்பில் தோட்டம் தோட்டமாகப் போய்க் குறை கண்டுபிடிக்கிறவர். அன்று தேயிலையில் குறை இல்லை. ரோட்டில் இருந்த குறைகளை மூடுபனி மறைத்திருந்தது. கடைசியில் பங்களாவில் தேநீர் கொடுத்தார்கள். கோப்பையில் வெள்ளைச் செதில்கள் நாலைந்து மிதந்தன.

என்னைக் கூப்பிட்டார்கள். தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை, தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலைக் கையில் திறந்து வைத்திருந்தார். உள்ளே முட்டை ஓட்டைப்போல வெள்ளையாக ஒரு படிவு. பக்கத்தில் சமையல் பார்க்கும் குசினிக்காரர் மாரிமுத்து, சிவந்த வாயும் இடுப்பில் சுண்ணாம்பு டப்பியுமாக நின்றார். அதற்குமேல் விசாரணை தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை.

"சுண்ணாம்பு," என்றார் தொரையின் மனைவி, தொரசானி. "இவன் வெத்தலை சாப்பிடுது. அந்தக் கை கேத்தல் உள்ளே போடுது."

"அம்மா, நான் வெத்தல போடுறது என் வாய்க்குங்க," என்றார் மாரிமுத்து. "கேத்தலுக்கு ஏன் போடப்போறேன்? அதுக்கென்ன பல்லா இருக்கு?"

விசிட்டிங் ஏஜண்ட் ஆளை நிறுத்தச் சொன்னார். நற்சான்றுக் கடுதாசி இல்லாமல் நிறுத்தப்பட்ட குசினிக்காரரை ஊவா மாகாணத்தில் வேறு எந்தப் பங்களாவும் சேர்க்காது. மாரிமுத்துவுக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மனைவியும் மூன்று பெண்களும் இருந்தார்கள். நான் தொண்டையைச் செருமி விதியைச் சொன்னேன். விதியை நினைவூட்டும் கிளாக்கரை அவருக்குப் பிடிக்காது. ஆனால் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்தது அவருடைய கையெழுத்து.

"சரி, பதில் வரட்டும்," என்றார். "தண்ணீர் நல்லதென்றால் அவன் போகட்டும்."

அதுவரை மாரிமுத்து கேத்தலைத் தொடக் கூடாது, வெற்றிலையும் கூடாது என்று முடிவாயிற்று. கேத்தலைத் தொரசானியே நிரப்புவார்.

2. போத்தல்

மலையில் ஒரு ஊற்று. அங்கிருந்து பைப் வழியாகத் தண்ணீர் பங்களாவுக்கும் என் வீட்டுக்கும் வந்தது. போத்தலில் பிடித்தேன். மணலும் இலைத்துணுக்கும் சேர்ந்து வந்தன. கொழும்பில் பிறந்து வளர்ந்த ஓர் ஆபீஸ் தொரை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதை நினைத்ததும் எனக்கு உடம்பு கூசியது. வீட்டில் புதுப் பானை வைத்துத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டேன். ஆறியதும் துணியில் வடிகட்டினேன். மனம் ஒப்பாமல் இன்னொரு முறை வடிகட்டினேன்.

"சோதிக்கத்தானே அனுப்புறீங்க? குடிக்கவா போறாங்க?" என்றாள் என் மனைவி.

"தோட்டத்துப் பேரு இருக்குல்ல. ஒனக்கு ஆபீஸ் விஷயம் வெளங்காது."

பானையின் அடியில் மாவுபோல வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. எவ்வளவு அழுக்கை நீக்கிவிட்டேன் என்று திருப்தியோடு அதைக் கழுவச் சொன்னேன். போத்தலுக்கு அரக்கு வைத்து மாட்டுவண்டியில் பண்டாரவளைக்கு அனுப்பினேன். அவ்வளவு அழகான தண்ணீர் எங்கள் தோட்டத்திலிருந்து அதற்கு முன் வெளியே போனதில்லை.

3. காத்திருப்பு

மாரிமுத்து தினமும் ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்பார்.

"பதில் வந்திருச்சாங்களா?"

"வரும்பா. எல்லாம் முறைப்படி போயிருக்கு."

"முறைப்படின்னா லேட்டாகும் போல. வெத்தல இல்லாம நாக்கு செத்துப்போச்சுங்க, கிளாக்கரய்யா. கறியில உப்பு இருக்கா இல்லையான்னே தெரியல. இன்னிக்கு ரெண்டு தடவ போட்டுட்டேன்."

அன்று தொரை ஏன் சாப்பாட்டு மேசையில் அத்தனை தண்ணீர் குடித்தார் என்பது எனக்கு விளங்கியது.

இதற்கிடையில் தொரசானி பதுளையில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடையில் புதுக் கேத்தல் வாங்கிவந்து, தன் கையாலேயே நிரப்பினார். சில வாரங்களில் அதன் உள்பக்கமும் வெளுத்தது. நான் கொழும்புக்கு ஒரு நினைவூட்டல் எழுதினேன். புதுக் கேத்தலிலும் அதே வெள்ளை கண்டிருப்பதைக் குறிப்பிட்டேன். நிரப்புகிறவர் யார் என்று எழுதவில்லை. பங்களாப் பெண்கள் பெயரை ஆபீஸ் கடிதத்தில் எழுதுவது முறையல்ல.

பிறகு குளியலறை வெந்நீர் பாய்லரில் தண்ணீர் நூலாக ஒழுக ஆரம்பித்தது. பேக்டரியில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் வந்து பைப்பைக் கழற்றினார். ஒரு விரலும் நுழையாத அளவுக்கு உள்ளே வெள்ளைக் கல் இறுகியிருந்தது. பதுளைக் கடைகளில் உள்ள வெற்றிலைச் சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்தாலும் அவ்வளவு வராது. தொரசானி எனக்கு ஆள் அனுப்பினார்.

"கிளாக்கர், நீ பாரு," என்றார். "நான் வெத்தலை சாப்பிடல."

"அம்மாவே சொல்லிட்டாங்க. போதாதுங்களா?" என்றார் மாரிமுத்து.

போதாது. நிறுத்தச் சொன்னவர் விசிட்டிங் ஏஜண்ட். கொழும்புப் பதில் வராமல் அதை மாற்ற முடியாது என்று தொரை சொன்னார். விதியை அவருக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் என் பானை நினைவுக்கு வந்தது. சுண்ணாம்பு தண்ணீரிலேயே கரைந்து வருகிறது. கொதித்தால் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது. கேத்தலில் ஒட்டியதைத்தான் நான் என் பானையில் ஒட்டவைத்துக் கழுவி ஊற்றியிருக்கிறேன். மாரிமுத்துவைக் காப்பாற்றப் போன போத்தலில் அவரைக் காப்பாற்றும் ஒரே சாட்சி இல்லை. மறுநாளே மணலும் இலையுமாக இன்னொரு போத்தல் பிடித்தேன். மழையில் ரோடு சரிந்து வண்டி புறப்படவில்லை.

இப்போது வேலைக்குச் சேரும் கிளாக்கர்களுக்கு ஒன்று சொல்வேன். சாம்பிளை அழுக்கோடு அனுப்புங்கள். குறை எது என்று கேட்டு அனுப்பும் பொருளிலிருந்து குறையை நீக்கிவிட்டு அனுப்புவதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும். நான் படித்திருந்தேன்.

4. பதில்

பாதை திறந்த அன்று தபால் வந்தது. தொரை உறையைப் பிரித்தார். மாரிமுத்து வாசலில் நின்றார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் மிகச் சிறந்தது, அதில் சுண்ணாம்பு இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஆகவே வெள்ளைக்குக் காரணம் கேத்தலை நிரப்புகிறவரே. நினைவூட்டலில் கண்டபடி புதுக் கேத்தலையும் அவர் கெடுத்திருப்பதால், அதை இப்போது நிரப்புகிறவர் எவரோ அவரைத் தாமதமின்றிப் பங்களாவை விட்டு வெளியேற்றவும்.

தொரை இன்னொரு முறை படித்தார். பங்களாப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"புதுக் கேத்தல் யார் நிரப்புறது?"

நானும் மாரிமுத்துவும் பங்களாப் பக்கமே பார்த்தோம்.

"கிளாக்கர், இது பைல் பண்ணு. தொரசானிக்குக் காட்டாதே." பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "மாரிமுத்து, நாளைக்கு இருந்து கேத்தல் நீ நிரப்பு."

"வெத்தல போடலாங்களா, தொரை?"

"போடு. உப்பு சரியாப் போடு."

கடிதத்தின் மூலையில் முறைப்படி குறித்து வைத்தேன்: பதில் பெறப்பட்டது, மார்ச் பதினேழாம் தேதி.