என் வீட்டுக்காரரை வேலையில்லாதவராக்கிய கதை

தொழிற்பயிற்சி நிலையத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'புள்ளிவிவரம்'. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. நான் நடைக்கூடத்தில் வருவதைக் கண்டால், "புள்ளிவிவரம் வருது" என்று ஒருவரை ஒருவர் உஷார்படுத்திக்கொள்வார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. படிப்பை முடித்துவிட்டுப் போனவர்களுக்கு வேலை கிடைத்ததா என்று விசாரித்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவது என் உத்தியோகம். நானும் அதே நிலையத்தில் கணினிப் பிரிவில் படித்தவள்தான். அதனால் கணினிப் பிரிவின் மகிமைக்கு நானே நடமாடும் சாட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வருவதற்கு முன்னால் இந்த விசாரணை நடந்த அழகே தனி. ஒவ்வொரு பிரிவு ஆசிரியரும் தன் மாணவர்களைப் பற்றித் தானே எழுதிக் கொடுத்துவிடுவார். தையல் ஆசிரியையின் கணக்கில் எல்லோரும் சொந்தக் கடை வைத்திருந்தார்கள். வெல்டிங் ஆசிரியர் வெளிநாட்டில் இருப்பதாக எழுதிக் கொடுத்த ஒருவர், எங்கள் வாசலில்தான் தினமும் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தார். நான் வந்து இதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தேன். சம்பந்தப்பட்டவர் தன் வாயால் போனில் சொன்னால்தான் செல்லும். அண்ணன் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார்கள், எனக்கே தெரியும் என்பதெல்லாம் செல்லாது. மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்று முறையும் எடுக்காவிட்டால் 'வேலை இல்லை' என்ற கட்டத்தில் சேர்த்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதியை எதற்காகப் போட்டேன் என்று இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கட்டம் காலியாக இருந்தால் எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான் காரணம்.

அந்த வருடம் பழைய மாணவர்களையும் சேர்த்து விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எல்லோரையும் கேட்க முடியாது என்பதால் பெயர்களைக் குலுக்கி எடுத்தோம். வெல்டிங் பிரிவுக்கான குலுக்கலில் என் வீட்டுக்காரரின் பெயர் வந்து விழுந்தது.

அவர் ஒரு பட்டறையில் வெல்டர். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார்கள். காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவதை என் கண்ணாலேயே பார்க்கிறேன். அந்தச் சட்டையில் தீப்பொறி பட்டு ஓட்டை விழுவதற்காக வருடக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன். கொஞ்ச நாளாகப் புது ஓட்டை எதுவும் இல்லை. நம் வாய்க்கு ஒருவழியாக மரியாதை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் விதி விதிதான். எங்கள் அலுவலகப் போன் காலையில் நிலையத்தின் முதல்வர் அம்மாவின் கையில் இருக்கும். பதினோரு மணிக்கு மேல்தான் என் மேசைக்கு வரும். வரிசைப்படி எல்லோரையும் கூப்பிட்டது போலவே அவரையும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் மணி அடித்து ஓய்ந்தது. புருஷன் என்பதற்காகச் சலுகை காட்டினால் அப்புறம் நான் என்ன புள்ளிவிவரம்? 'வேலை இல்லை' என்ற கட்டத்தில் அவரைச் சேர்த்தேன். என் நேர்மையை நினைத்து அன்றைக்கு எனக்கே உடம்பு சிலிர்த்தது.

வண்ண வண்ணப் பட்டைகள் போட்டு அறிக்கை அனுப்பினேன். கணினிப் பிரிவின் பட்டை உச்சியைத் தொட்டது. வெல்டிங் பட்டை தரையோடு தரையாகக் கிடந்தது. படம் தெளிவாக இருப்பதாக முதல்வர் அம்மா பாராட்டினார். சில நாளில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. படித்தவர்களுக்கு வேலையே கிடைக்காத வெல்டிங் பிரிவை மூடிவிடலாம், அடுத்த கூட்டத்தில் முடிவு என்று எழுதியிருந்தார்கள்.

வெல்டிங் ஆசிரியர் என் மேசைக்கு வந்தார். மெஷின் சத்தத்திலேயே காலம் தள்ளியவர் என்பதால் ரகசியம் பேசினாலே கட்டடத்துக்குக் கேட்கும்.

"நான் சொல்லிக்குடுத்தவங்களுக்கு வேலை இல்லையா? யாரைக் கேட்டு எழுதினீங்க மேடம்?"

"அவங்களைத்தான் சார் கேட்டேன். பாதிப் பேர் போனையே எடுக்கல."

அவர் விறுவிறுவென்று தன் கூடத்துக்குத் திரும்பிப் போனார். நான் ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

அன்று சாப்பிடும்போது வீட்டில் இதைப் பெருமையாக அளந்துகொண்டிருந்தேன். வாய் சும்மா இருந்தால்தானே.

"குலுக்கல்ல உங்க பேரும் வந்துதுங்க. உங்களையும் எழுதியிருக்கேன்."

"என்னன்னு?"

"வேலை இல்லாதவர்னு."

தட்டில் அவர் கை அப்படியே நின்றது. "யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. மூணு தடவை போன் பண்ணேன், நீங்க எடுக்கல. எடுக்கலன்னா அப்படித்தான் எழுதணும்."

"ஓ, அதுக்கா" என்று சொல்லிவிட்டு மறுபடி சாப்பிடத் தொடங்கினார். மனிதர் நொந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பாத்திரம் தேய்க்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு, இரண்டு கையிலும் கருவியோடு, காது அடைக்கும் சத்தத்தில் நிற்கிற ஆள் பதினோரு மணிக்குப் போனை எப்படி எடுப்பார்? எடுப்பவர் வீட்டில் சும்மா இருப்பவர். கணினிப் பிரிவுக்காரர்களுக்கோ போன் கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இத்தனை நாள் நான் கணக்கெடுத்தது யாருக்கு வேலை இருக்கிறது என்பதையல்ல, யாருடைய கை காலியாக இருக்கிறது என்பதை. அந்தக் கணக்கை வைத்து ஒரு பிரிவையே மூடப்போகிறார்கள்.

மறுநாள் முதல்வர் அம்மாவிடம் போய், என் அறிக்கை தப்பு என்று நானே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் வெல்டர்தானேம்மா?"

"ஆமா மேடம்."

"இப்ப மாத்தினா ஊர் என்ன சொல்லும்?"

அதையும் யோசித்துக்கொண்டுதான் போயிருந்தேன். எல்லாப் பிரிவுக்காரர்களையும் வேலை முடியும் நேரத்தில், சாயங்காலம் கூப்பிடுவோம். போனை எடுக்காதவர்களுக்குத் தனிக் கட்டம் போடுவோம். வேலை இருக்கிறதா என்பதோடு விடாமல், படித்த தொழில்தானா, போன நாலு வாரத்தில் வாரத்துக்கு எத்தனை நாள் வேலை பார்த்தீர்கள் என்றும் கேட்போம். வெல்டிங் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கமாட்டேன், கணக்காளர் சார் கூப்பிடட்டும். அவர் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் வெல்டிங் கூடம். அந்தப் பிரிவை மூடினால் முதலில் நிம்மதியாகத் தூங்கப்போகிறவர் அவர். சாதகமாக எழுதினார் என்று பரம எதிரிகூடச் சொல்லமுடியாது. முதல்வர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சரி என்றார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெல்டிங் பிரிவை மூடவில்லை. அதில் படித்தவர்களில் பெரும்பாலோர் அதே தொழிலில்தான் இருந்தார்கள். சரிந்தது என் கணினிப் பிரிவுதான். வேலையில் இருப்பதாக முதலில் சொன்னவர்களில் ஒருவர் செருப்புக்கடையில் நின்றார், இன்னொருவர் லிஃப்ட் இயக்கினார். உச்சியில் இருந்த பட்டையை என் கையாலேயே இறக்கி வரைந்தேன். வெல்டிங் ஆசிரியர் இன்றுவரை எனக்கு வணக்கம் வைப்பதில்லை. அது நியாயம்தான்.

நான் சொல்ல வந்தது இதையல்ல. கணக்காளர் எங்கள் வீட்டுக்குப் போன் செய்த சாயங்காலத்தைத்தான்.

என் வீட்டுக்காரரின் போன் அடித்தது. அலுவலக எண். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'எடுங்க' என்று நான் சொன்னால்கூடத் தலையீடு ஆகிவிடும். எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். காது மந்தம் என்பதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். கணக்காளரின் ஏற்ற இறக்கமில்லாத குரல் சமையலறை முழுக்கக் கேட்டது.

"இப்ப வேலையில இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"படிச்ச தொழில்தானா?"

"அதேதான்."

"போன நாலு வாரத்துல, வாரத்துக்கு எத்தனை நாள் வேலை பாத்தீங்க?"

கணக்காளர், "லைன்ல இருக்கீங்களா?" என்றார்.

"ரெண்டு நாள். பட்டறையில ஆர்டர் இல்ல. ரெண்டு நாள்தான் வரச் சொல்றாங்க."

"ரெண்டு" என்று திருப்பிச் சொல்லி, நன்றி கூறி வைத்துவிட்டார் கணக்காளர்.

குழாயடியிலிருந்து திரும்பினேன்.

"மத்த நாள்ல எங்க போறீங்க?"

"ஒவ்வொரு பட்டறையாப் போய்க் கேக்கறேன். எங்கயும் இல்லன்னா பூங்காவுல உக்காந்திருப்பேன். சம்பளம் வர்றதுக்குள்ள வேற எடம் பாத்துட்டு உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

"நான் போன் பண்ணப்ப?"

"கையிலதான் வச்சிருந்தேன், மூணு தடவையும். உங்க ஆபீஸ் நம்பர். உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன்."

கையில் வேலை இருப்பவரால் போனை எடுக்க முடியாது என்ற என் மகத்தான கண்டுபிடிப்பு ஊரில் உள்ள அத்தனை வெல்டர்களுக்கும் பொருந்தியது. அதற்குக் காரணமான ஆளுக்கு மட்டும் பொருந்தவில்லை. வெல்டிங் பிரிவைப் பற்றி நான் எழுதியதில் ஏறக்குறைய உண்மையாக இருந்தது அவர் ஒருவர் சங்கதிதான், அதுவும் குருட்டாம்போக்கில். புது ஓட்டை விழாத சட்டைகளைத் தினமும் என் கையால் துவைத்து, மடித்து வைத்துக்கொண்டு வந்தவள் நான். வாரத்துக்கு எத்தனை நாள் என்ற கேள்வியை உருவாக்கியதும் நான்தான். அதை எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"நாளைக்கு எங்க கேக்கப் போறீங்க?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் பாடி கட்டற எடம் இருக்காம்."

"லீவு போட்டுட்டு நானும் வரேன்."

"நீ எதுக்கு அங்க?"

"நீங்க உள்ள போய் வேலை செஞ்சு காட்டும்போது போன் அடிச்சா, எடுக்க ஆள் வேணாமா?"