உருண்டையான பந்தும் ஒரு கார் பாட்டரியும்

மைக் செட் வாடகைக்கு விடுகிற தொழிலில் ஒரு சாபம் உண்டு. ஊரே காதைப் பொத்திக்கொண்டாலும் மைக் செட்காரன் மட்டும் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டுத்தான் தீர வேண்டும். கல்யாணம், கட்சிக் கூட்டம், மாதா கோயில் தேர் எல்லாவற்றையும் தாங்கிவிடலாம். ஃபுட்பால் மேட்ச் அறிவிப்பாளரைத் தாங்குவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து "இடது பக்க லெப்ட் அவுட்", "அரை நேர ஹாஃப் டைம்" என்றெல்லாம் கேட்டுப் பல்லைக் கடித்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் என் இனம். மேலே படியுங்கள்.

சதுரப் பந்து

சிவாஜிநகரில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், நான்கு குழாய் ஸ்பீக்கர், ஒரு கார் பாட்டரி, இவ்வளவுதான் சொத்து. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். கண்டோன்மென்ட் பக்கத்து இளவட்டங்கள் சோறில்லாமல் இருந்தாலும் இருப்பார்கள், ஃபுட்பால் இல்லாமல் இருக்க மாட்டார்கள். வருஷா வருஷம் நடக்கும் எங்கள் வட்டாரப் போட்டிக்கு ஜவுளிக்கடை முனிரத்தினம் செக்ரட்டரி, மைக் செட் நான். அந்த வருஷம் மைக்கில் பேசப் புதிதாக வந்தவர் அமலதாஸ் அண்ணன். தங்கவயலில் பல வருஷம் சுரங்க வேலை பார்த்துவிட்டு, இங்கே ஒரு மில்லில் டைம் கீப்பராக வந்து சேர்ந்தவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து, மைக்குக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

முதல் மேட்சில் அவர் வாயைத் திறந்ததுமே நான் ஒயரை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். "ரசிகப் பெருமக்களே! உருண்டையான பந்து மைதானத்தின் நடுவில் உள்ள மத்திய மையத்தில் வைக்கப்பட்டு இருக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்!" புது ஆள், பதற்றத்தில் பேசுகிறார், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். போகப் போக உருண்டையான பந்து தலையால் தலைமுட்டு முட்டப்பட்டது, மூலையில் இருந்து மூலை உதையான கார்னர் கிக்காக அடிக்கப்பட்டது, கோட்டுக்கு வெளியே அவுட்டாக வெளியேறியது. எத்தனை தடவை 'உருண்டையான' வருகிறது என்று எண்ண ஆரம்பித்து, இடைவேளைக்கு முன்பே கைவிட்டேன். பக்கத்தில் கூடையோடு நின்றிருந்த கடலைக்கார பாபு பாய் என் தோளைத் தட்டினார்.

"அரே சாப், அந்தாளாண்ட சொல்லு சாப். பந்து உருண்டைன்னு எங்களுக்கும் தெரியும். சதுரமா வந்தா மட்டும் சொல்லச் சொல்லு!"

வார்த்தை தின்னும் பாட்டரி

மைதானத்தில் கரண்ட் கிடையாது. எல்லாம் பாட்டரிதான். ஆம்ப்ளிஃபயருக்கு எவ்வளவு தீனி போட்டாலும் பத்தாது. சத்தமாகப் பேசப் பேச என் பாட்டரியின் உயிர் சொட்டுச் சொட்டாக இறங்குவது எனக்கு மட்டும் தெரியும். 'பந்து' என்றால் ஒரு சொட்டு. 'உருண்டையான பந்து' என்றால் மூன்று. 'என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்பதற்கு ஒரு டம்ளராவது போகும்.

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். அவர் 'என்பதை' என்று இழுத்ததும் ஸ்விட்சை அணைத்துவிடுவேன். பலன் என்ன தெரியுமா? மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மனிதர் முதலில் இருந்து ஆரம்பித்தார். அரை டம்ளர் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு குடம் போயிற்று. பொறுக்க முடியாமல் இடைவேளையில் கேட்டேன், "அண்ணா, வெறும் பந்துன்னு சொன்னா போதாதா? பாட்டரி தாங்கல." அவர் கொஞ்சமும் கோபிக்கவில்லை. என் மடத்தனத்துக்காக வருத்தப்படுகிறவர் மாதிரி என் முதுகைத் தடவினார்.

"வெறும் பந்துன்னா காத்தோட போய்டும் தம்பி. உருண்டையான பந்துன்னு சொன்னாத்தான் ஆளுக்குள்ள போய் குந்தும்."

பஜனை

மைதானத்தின் கிழக்குப் பக்கத்தில் சவுக்குக் கழி நட்டு, பலகை போட்டு, கயிறு கட்டி ஒரு கேலரி எழுப்பியிருந்தார்கள். ஒன்பது வரிசை. அங்கே உட்காருகிறவர்களுக்கு மேட்ச் பாதி, கிண்டல் பாதி. அமலதாஸ் அண்ணன் 'தெரிவித்துக்கொள்கிறேன்' என்று முடிக்கும்போதெல்லாம் ஒன்பது வரிசையும் சேர்ந்து "கொள்கிறேன்!" என்று கத்த ஆரம்பித்தது. முனிரத்தினத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அமலதாஸ் அண்ணனோ காது குளிரக் கேட்டுக்கொண்டு நின்றார்.

ஒன்று கவனித்தேன். கேலரி கத்தி முடிக்கிற வரைக்கும் அவர் அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறப்பதில்லை. சத்தம் குறைச்சலாக வந்தால் சொன்னதையே திரும்பவும் சொல்வார். கைதட்டலுக்கு ஏங்குகிற ஆள் என்று முடிவு கட்டினேன். நாலு நாளில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. காவலுக்கு வந்த கன்னடக்காரக் கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் கேட்டார்.

"ஏன் ஸ்வாமி, இது மேட்சா, பஜனேனா?"

கோல் கீப்பர் அந்தோணி

எரிச்சலையே எழுதிக்கொண்டு போனால் பாவம் சேரும். இதையும் சொல்லிவிடுகிறேன். ஈஜிபுரா டீமின் கோல் கீப்பர் அந்தோணி, ஒரு மேட்சில் குழந்தை கூடப் பிடித்துவிடக்கூடிய பந்தைக் கால்களுக்கு நடுவில் விட்டுவிட்டான். மைதானம் முழுக்க ஊளை. அவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான். அப்போது மைக் பேசியது: "யாரும் எதிர்பாராத விதமாக எதிர்பாராமல் வந்த உருண்டையான பந்து, இதற்கு முன்பு ஏற்கெனவே நான்கு முறை பாய்ந்து பிடித்துத் தன் டீமைக் காப்பாற்றிய கோல் காப்பாளர் கோல் கீப்பர் அந்தோணி அவர்களை, இந்த ஒரு முறை, ஒரே ஒரு முறை மட்டும் கடந்து சென்றது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்!"

அவர் அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் பந்து நடுக்கோட்டுக்குப் போய் ஆட்டமே மறுபடி தொடங்கிவிட்டது. ஊளை போட வந்தவர்கள் "கொள்கிறேன்!" என்று கத்திவிட்டு ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பினார்கள். இரண்டு டீமிலும் இருக்கிற அத்தனை பேர் பெயரும் அவருக்கு மனப்பாடம். தப்பு செய்தவனைத் தப்பு செய்தான் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று நான் ஸ்விட்சில் கை வைக்கவில்லை. மேட்ச் முடிந்ததும் அந்தோணி என் ஆம்ப்ளிஃபயர் பெட்டி பக்கம் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னான்.

"நாலு புடிச்சத எண்ணி வச்சிருந்தாரு பாத்தியா? எங்கப்பனே எண்ணியிருக்க மாட்டான்."

நான் வைத்த வத்தி

எனக்கு அவர்மேல் வந்த அந்த மரியாதையெல்லாம் செமி ஃபைனல் வரைக்கும்தான். எக்ஸ்ட்ரா டைமில் பாட்டரி படுத்துவிட்டது. வெற்றி கோல் விழுந்ததை யாரும் அறிவிக்கவில்லை. கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைத் திட்டியது. மறுநாள் காலையிலேயே முனிரத்தினம் கடையில் போய் நின்றேன். "ஃபைனலுக்கு வேற ஆளைப் போடுங்க. இல்லன்னா வேற மைக் செட் பாத்துக்குங்க" என்றேன். அவர் இதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. பிரபாகர் என்று ஒரு காலேஜ் லெக்சரரை உடனே ஏற்பாடு செய்தார். நல்ல குரல், சுத்தமான தமிழ், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாத மனிதர்.

அன்று சாயங்காலம் அமலதாஸ் அண்ணனைக் கடைக்கு வரவழைத்து, "கமிட்டி முடிவு, பாட்டரி தாங்கலையாம்" என்றார் முனிரத்தினம். நானும் அங்கேதான், துணிக்கட்டுகளைப் பார்ப்பதுபோல நின்றிருந்தேன். அண்ணன் பையில் இருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். எல்லா ஆட்டக்காரர்களின் பெயரும், யார் எங்கே வேலை பார்க்கிறார்கள், எந்தக் காலால் உதைப்பார்கள் என்பதும் அதில் இருந்தது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் துணிக்கட்டுப் பக்கமே திரும்பிக்கொண்டேன்.

"இத அந்த லெக்சரராண்ட குடுத்துடுங்க. பசங்க பேர தப்பா சொல்லாம சரியா சொல்லச் சொல்லுங்க."

ஃபைனல்

ஃபைனலுக்கு முந்தின நாள் நல்ல மழை. தரை ஊறிக் கிடந்தது. கேலரியில் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. பிரபாகர் அளந்து பேசினார். பாட்டரிக்குச் சுகம்தான். ஆனால் ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே, வந்திருந்த பிரமுகர்கள் ஆளுக்கொரு சொற்பொழிவு ஆற்றிப் பாதி பாட்டரியைக் குடித்திருந்தார்கள். "கொள்கிறேன்" சொல்ல வழியில்லாமல் கேலரி உம்மென்று உட்கார்ந்திருந்தது. இடைவேளை நேரத்தில் அந்தப் பக்கத்தில் இருந்து மளுக்கென்று ஒரு சத்தம். கேலரியின் ஒரு முனைக் கழிகள் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தன. பிரபாகர் சரியாகத்தான் சொன்னார்: "கிழக்குக் கேலரி சாய்கிறது. அனைவரும் உடனே இறங்கவும்."

ஒன்பது வரிசையும் ஒரே சமயத்தில் எழுந்தது. கேலரி ஒரு ஆட்டம் ஆடியது. மேலே இருந்தவர்கள் கீழே இருந்தவர்களின் தோளை மிதித்து இறங்கப் பார்த்தார்கள். ஒரு பெண் அலறினாள். பிரபாகர் வெளிறிப்போய் என்னைப் பார்த்தார். மைதானத்து எல்லைக் கயிற்றுக்கு அப்பால் சனங்களோடு சனமாக நின்றிருந்த அமலதாஸ் அண்ணன் தாண்டி வந்து கையை நீட்டினார். நான் மைக்கைப் பிடுங்கி அவரிடம் கொடுத்தேன். அவர் வழக்கம்போல வணக்கம் போட்டார். "கிழக்குப் பக்கக் கிழக்குக் கேலரியில் அமர்ந்து உட்கார்ந்திருக்கும் ரசிகப் பெருமக்களே! உருண்டையான பந்து தற்சமயம் இப்பொழுது ஓய்வாக ரெஸ்டில் இருக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்!" ஒரு நொடி எல்லாம் நின்றது. எங்கிருந்தோ ஒரு சிரிப்பு. பிறகு பழக்க தோஷத்தில் பாதிப் பேர் "கொள்கிறேன்!" என்றார்கள். குரல் போதாதென்று அவர் திரும்பவும் சொன்னார். இந்தத் தடவை எல்லோரும் கத்தினார்கள், கத்திக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

"கீழ் வரிசையில் கீழே உள்ளவர்கள் மட்டும், மற்றவர்கள் அல்லாமல் கீழ் வரிசையினர் மட்டும், ஒருவர் பின் ஒருவராக ஒவ்வொருவராக இறங்குவார்கள் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்!" அந்த வாக்கியம் முடிவதற்குள் ஒரு வரிசை காலியாகிவிட்டது. மிச்சம் இருந்தவர்கள் "கொள்கிறேன்!" என்று சொன்ன பிறகுதான் அடுத்த வரிசையைக் கூப்பிட்டார். ஐந்தாவது வரிசையில் அவர் குரல் கரகரத்தது. பாட்டரி! ஓடிப்போய் மூன்று குழாய்களின் ஒயரைப் பிடுங்கி, கேலரியைப் பார்த்த ஒரு குழாயை மட்டும் விட்டேன். நான் கோயிலில் கூட அப்படி வேண்டிக்கொண்டதில்லை. ஆண்டவனே, அவர் ஒரு வார்த்தையையும் குறைக்கக் கூடாது, அந்த 'தெரிவித்துக்கொள்கிறேன்' முழுசாக வர வேண்டும் என்று பாட்டரியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாவது வரிசையின் கடைசி ஆள் தரையில் கால் வைத்துப் பத்தடி நடந்திருப்பார். கேலரி முனகிக்கொண்டே சேற்றில் படுத்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்தக் கடைசி ஆள் கூடையைத் தலையில் வைத்திருந்த பாபு பாய். கண்ணில் தண்ணீரோடு நேராக என்னிடம் வந்தார்.

"சாப், இன்னொரு தபா சொல்லச் சொல்லு சாப், பந்து உருண்டைன்னு!"

பெட்டி கட்டும்போது

மிச்ச ஆட்டத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைத்தார்கள். பிரபாகர் வந்து அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "எப்படிண்ணா அது?" என்றேன். "சொரங்கத்துல ஆளுங்கள ஏத்தி எறக்குற கூண்டுக்கு மணியடிக்கிற வேலை எனக்கு" என்றார் அவர். "அந்த எரைச்சல்ல ஒரு தடவ சொன்னா யாருக்கும் கேக்காது. ரெண்டு விதமா சொல்லணும். கீழ கீறவன் அத திருப்பிச் சொல்லணும். அப்பதான் கூண்டு நகரும். இல்லன்னா ஆளு போய்டும்." கைதட்டலுக்கு ஏங்குகிற ஆள் என்று நான் கட்டிய முடிவு ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. "அண்ணா, உங்களை மாத்தச் சொன்னது முனிரத்தினம் இல்ல. நான்தான்" என்றேன். அவர் கஞ்சி கலைந்த சட்டையைச் சரிசெய்துகொண்டு, பாட்டரியின் ஒரு பக்கத்தைத் தூக்கக் கை கொடுத்தார்.

"ஜவுளிக்கடைக்காரனுக்கு பாட்டரியப் பத்தி இன்னா தம்பி தெரியும்? எனக்கு அப்பவே, முன்கூட்டியே முன்னாடியே தெரியும்."

அன்றிலிருந்து யாராவது மைக்கில் சுருக்கமாகப் பேசி முடித்தால், பாட்டரிதான் போய்விட்டதோ என்று முதலில் என் பெட்டியைத் தொட்டுப் பார்க்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.