ஒற்றைச் சக்கரத்துக்கு ஒரு ஸ்பிரிங் சீட்டு

என் மனைவியின் தம்பிக்கு வெளிநாட்டில் வேலை. விடுமுறைக்கு வருகிறவர்கள் சென்ட், சாக்லேட், தைலம் கொண்டுவருவார்கள். அவன் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தான். செல்போனில் இன்கமிங் இலவசமான புதிது அது. ஒரு சக்கரம், அதன்மேல் ஒரு குழாய், குழாய்மேல் ஒரு சீட்டு. ஹேண்டில் இல்லை, பிரேக் இல்லை, ஓட்டுகிறவனுக்கு மானமும் இல்லை. டயர் மட்டும் பட்டை பட்டையாக டிராக்டருக்குத் தம்பிபோல இருந்தது. காடு மேடெல்லாம் ஓடுமாம்.

சமயநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கண்மாய்க்கரை. அதில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓட்டிக் காட்டியவன், கிளம்பும்போது வண்டியை என் தலையில் கட்டினான். "வச்சுக்கங்க மச்சான். ஆனா ஓட்டிராதீங்க. ஒக்காருற எடம் நொந்து போகும், ஒங்களுக்குத் தாங்காது."

என் மனைவி, மாமனார், பக்கத்து வீட்டார் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு சொன்னான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மாப்ள, அடுத்த லீவுக்கு வா. இதே கரையில, ஸ்பிரிங் சீட்டு போட்டு, சோபாவுல ஒக்காந்த மாதிரி ஓட்டிக் காட்டுறேன். இல்லைன்னா மீசைய எடுத்துர்றேன்!" எங்கள் பக்கம் மீசையை வைத்துச் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இருந்த ஒரே அதிகாரமும் அந்த மீசைதான்.

ஓட்டக் கற்கவே ஏழெட்டு மாதம் ஆனது. கரையெங்கும் மாட்டுக் குளம்புத் தடங்கள் காய்ந்து கல்லாய் இறுகிக் கிடக்கும். ஒவ்வொரு குழியும் குழாய் வழியே நேராக மேலேறி வந்து என்னை நலம் விசாரித்தது. காலை அகட்டி அகட்டி வேலைக்குப் போனேன். ஒருத்தரும் சைக்கிளைச் சந்தேகப்படவில்லை. கேண்டீனில் ஆளாளுக்குக் காதோடு வந்து மூல வைத்தியர் விலாசம் சொன்னார்கள். ஒரு புண்ணியவான் கருணைக்கிழங்கே வாங்கி வந்துவிட்டார்.

ஸ்பிரிங்குக்காக, கம்பெனிக்குப் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்த அண்ணன் ஒருவரிடம் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் "செஞ்சுருவோம்" என்றார். அவர் எதையும் முடியாது என்று சொன்னதில்லை. எதையும் முழுதாகக் கேட்டதுமில்லை. குழாய்க்குள் குழாய் கடைந்து, நடுவில் பழைய மொபெட் ஸ்பிரிங் ஒன்றைப் போட்டு, கிரீஸ் தடவி, சீட்டை அமுக்கிக் காட்டினார். ஜம்மென்று அமுங்கி எழுந்தது. பிறகு பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். சீட்டு நிற்காமல் சுற்றியது. "பாத்தீங்களா ஃபினிஷிங்க!" என்றார். நானும் மடையன்போல ரசித்தேன்.

ஹேண்டில் இல்லாத வண்டியில் இடுப்பைத் திருப்பினால்தான் சக்கரம் திரும்பும். கரையின் முதல் வளைவில் திருப்பினேன். நானும் சீட்டும் திரும்பினோம். சக்கரம் தன் பாட்டுக்கு நேராகப் போனது. கருவேல முள்ளுக்குள்ளிருந்து என்னைத் தூக்கிவிட்ட ஆடு மேய்க்கிற அம்மா, "இன்னொரு சக்கரம் எங்கிட்டு விழுந்துச்சுய்யா, தேடவா?" என்று வேறு கேட்டார்.

மறுநாள் மறுபடி பட்டறை. "அண்ணே, சீட்டு சுத்தக் கூடாது."

"அம்புட்டுதானே? சாயங்காலம் வாங்க."

சாயங்காலம் சீட்டு சுற்றவில்லை. அமுக்கிப் பார்த்தேன், அமுங்கவும் இல்லை. "டைட் வச்சிருக்கேன். ஒங்க வெயிட்டுக்கு அம்புட்டு வேணும். ஓட ஓட எளகிரும்" என்றார். சரிதான் என்று, தூசி போகாதிருக்க எங்கள் கம்பெனியில் கழித்துப் போட்ட ரப்பர் உறை ஒன்றை, கிரீஸ் அப்பிக் கிடந்த அந்தக் குழாய் மூட்டின்மேல் நானே மாட்டினேன்.

அன்றிலிருந்து நான் அடித்த பீற்றல் இருக்கிறதே! இலவம்பஞ்சு மெத்தை தோற்றது என்று கேண்டீனில் வகுப்பே எடுத்தேன். நோகவில்லை என்று உண்மையாகவே நம்பினேன். நோகாமல் இருக்கத்தானே ஸ்பிரிங் போட்டது? சாப்பிட உட்காரும்போது மட்டும் தலையணை கேட்டேன். "நோகலைன்னா தலகாணி எதுக்கு?" என்றாள் மனைவி. அது பழைய வலி என்றேன்.

அடுத்த விடுமுறைக்கு மச்சினன் வந்தான். போன தடவை கூடிய அதே கூட்டம் கரையில் கூடியது. கோடியிலிருந்து கோடி வரை ஓட்டினேன், ஓர் இடத்திலும் காலை ஊன்றவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது, காற்று என்றேன். மீசையை முறுக்கிக்கொண்டு, "சோபா மாப்ள, சோபா!" என்றேன்.

அசந்துதான் போனான். வந்து சீட்டை ஒரு கையால் அமுக்கினான். இரண்டு கையாலும் அமுக்கினான். மாமனாரும் ஒரு கை கொடுத்தார். பிறகு ரப்பர் உறையை மெல்லக் கீழே இறக்கினான்.

"மச்சான், இது சுத்திலும் வெல்டு வச்சிருக்கு."

அங்கிருந்தே பட்டறைக்குப் போன் போட்டேன். "சுத்தக் கூடாதுன்னீங்க. சுத்துச்சா?" என்றார் அண்ணன். இல்லை என்றேன். "பெறகென்ன?" என்று வைத்துவிட்டார்.

யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. "மீசை இருக்கட்டும் மச்சான்" என்று அவன் தோளைத் தட்டினான். வெட்கம் பிடுங்கித் தின்றது. தாங்காது என்றவன் முன்னால், வெறும் இரும்புக் குழாய்மேல் உட்கார்ந்து அம்புட்டுத் தூரமும் தாங்கியிருக்கிறேன். அதைச் சொல்லிப் பெருமைப்படவும் வழியில்லை. சோபா என்று நானேதான் சொல்லித் தொலைத்துவிட்டேனே!

மீசையை எடுக்கவில்லை. மறுநாள் காலை கண்ணாடி முன்னால் நின்று அதைச் சீவிக்கொண்டிருந்தேன். காப்பி கொண்டுவந்த மனைவி டம்ளரை வைத்துவிட்டு, ஒரு விரலால் என் மீசையை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

"இதுவும் வெல்டுதான் போல" என்றாள். தலையணையை எடுத்து என் நாற்காலியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.