மிஸ் மாயாவுக்கு வியட்நாமியம் தெரியாது

மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் பயிற்சி நிறுவனத்தில் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். மேசைகளுக்கு அடியில் பாய்கள் விரியும். இயக்குநர், கணக்கர், ஆசிரியராகப் போகிற பிள்ளைகள் என எல்லாரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் தூங்குவார்கள். சைகோனுக்கு வந்த புதிதில் நான் மட்டும் அந்த இருட்டில் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருப்பேன். காரைக்காலில் நான் வேலை பார்த்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் மேசையில் தலை சாய்த்தாலே மெமோ வரும். இங்கே தூங்காதவளைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "கோ, உடம்பு சரியில்லையா?" என்று ஒரு நாள் ஒரு மாணவி தன் பாயில் பாதியை எனக்கு ஒதுக்கினாள். கோ என்றால் இங்கே ஆசிரியை. அந்த மாணவியின் பெயர் மை.

மை என்பது தெத் புத்தாண்டுக்குப் பூக்கும் மஞ்சள் பூ. தமிழில் அதற்கு என்ன பொருள் என்று கேட்டாள். "கண்ணுக்கு இட்டுக்கிறது, அழகுக்கு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவள் நிறம் என் நிறம். ஆனால் பிறந்து வளர்ந்தது நான்காம் வட்டாரத்துச் சந்து ஒன்றில். அவளுடைய தாத்தா காரைக்காலிலிருந்து வந்து இங்கே துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம். 1975-இல் சைகோன் கம்யூனிஸ்டுகள் கையில் விழுந்த பிறகு கடை போயிற்று. அவர் டான் சோன் நாட் விமான நிலையத்தில் விமானம் ஏறி ஊருக்குப் போய்விட்டார். வியட்நாமிய மனைவி கைக்குழந்தையோடு வாசல்வரை போய் வழியனுப்பினாள். அந்தக் குழந்தைதான் மையின் அம்மா. நம்மவர்களைக் குறிக்க இந்த ஊரில் பழைய வசைச்சொல் ஒன்று உண்டு, சாவா என்று. தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் தெருவில் அதுதான் பெயர்.

காரைக்காலில் எங்கள் தெருவிலும் சைகோனிலிருந்து திரும்பிய சபுராளிகள், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள், இருந்தார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் சைகோன் பீங்கானில் நெய்ச்சோறு சாப்பிட்டிருக்கிறேன். எவ்வளவு மெல்லிசு, எப்படி உடையாமல் கொண்டுவந்தீர்கள் என்று பீங்கானை எல்லாரும் விசாரிப்போம். அங்கே விட்டுவந்த ஆட்களை யாரும் விசாரித்ததில்லை. மையின் பாயில் படுத்துக்கொண்டு அவள் கதையைக் கேட்ட அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

கொரிய, ஜப்பானிய, பிரெஞ்சு, இந்தியக் குழந்தைகள் ஒன்றாக உட்காரும் சர்வதேசப் பள்ளிகளில் ஆசிரியராக நிற்க இளைஞர்களைத் தயார் செய்வதுதான் என் வேலை. குழந்தையின் பெயரை வாய்க்கு வசதியாக வெட்டாதே. அது கொண்டுவரும் சாப்பாட்டைப் பார்த்து மூக்கைச் சுளிக்காதே. அதன் வீட்டு மொழியில் ஒரு சொல்லையாவது கற்றுக்கொள் என்பது என் பாடம். மற்றவர்கள் தேர்வுக்காக எழுதிக்கொண்டார்கள். மை நம்பினாள். ஏழாம் வட்டாரத்து சர்வதேசப் பள்ளி ஒன்றில் பயிற்சிக்குப் போனபோது அவள் வகுப்பில் ஆதவ் என்று ஒரு சென்னைப் பையன் இருந்தான். அவனுக்காக "நன்றி" என்ற சொல்லை என்னிடம் கேட்டு வாங்கினாள். நாக்கு ஒத்துழைக்கவில்லை. ஒரு வாரம் "நண்டி, நண்டி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பிட ஒரு நாள் அந்தப் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் கண்ணெடுக்காமல் கேட்டார்கள். பள்ளி விட்டதும் ஆதவின் அம்மா கீர்த்தனா வந்தாள். அவள் வீட்டில் நான் பொங்கல் சாப்பிட்டிருக்கிறேன். மையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, மழையைப் பற்றிப் பேசுகிறவள் போலச் சிரித்த முகத்தோடு என்னிடம் சொன்னாள்:

"என்னக்கா இது கொடும? ஒயிட் டீச்சர்ஸ்னு சொல்லித்தான் இவ்ளோ ஃபீஸ் வாங்குறாங்க. இவளப் பாத்தா எங்க வீட்டு வேலக்காரி மாதிரி இருக்கா. சரி, நம்ம ஆளுன்னு பாத்தா தமிழும் கெடையாது. எவனோ இங்க வந்து பெத்துப் போட்டுட்டுப் போயிருப்பான்."

"கீர்த்தனா, நிறுத்து" என்றேன்.

அதற்குள் மையின் முகம் மலர்ந்திருந்தது. தாத்தாவின் மொழியில், சிரித்துக்கொண்டே, ஒரு தாய் தன்னைப் பற்றித்தான் பேசுகிறாள் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்திருந்தது. இரண்டு கைகளையும் கூப்பினாள். "நன்றி" என்றாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல் பிசகாமல் வந்தது.

கீர்த்தனாவின் முகம் செத்துப்போயிற்று. "இவளுக்குத் தமிழ் தெரியுமா?" என்றவள் என் பதிலுக்கு நிற்கவில்லை. பையனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளே புகார் வந்தது. தமிழ் தெரியும் என்பதை மறைத்து, பெற்றோரின் சொந்தப் பேச்சை ஒட்டுக்கேட்கிறாளாம். இப்படிப்பட்டவளை நம்பிப் பிள்ளையை எப்படி விடுவது என்று கேட்டிருந்தாள்.

எங்கள் இயக்குநர் குவாங் மென்மையான மனிதர். நடந்ததை முழுவதும் அவரிடம் சொன்னேன். தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பேசினார். "நீங்க சொல்றத நம்புறேன், கோ. ஆனா அவளை என்னன்னு சொல்லி அந்தப் பள்ளிக்கு அனுப்புறது? வெளிநாட்டு ஆசிரியைன்னு சொன்னா பாஸ்போர்ட் வியட்நாம். வியட்நாம் ஆசிரியைன்னு சொன்னா முகம் வெளிநாடு. பெத்தவங்க குழம்புறாங்க." பள்ளிக்கும் நான் எழுதினேன். பன்முகத்தன்மையில் எனக்குள்ள அக்கறையைப் பாராட்டிப் பதில் வந்தது. மையின் மதிப்பீட்டில், பல பண்பாட்டுச் சூழலுக்குப் பொருத்தமற்றவர் என்று எழுதி அனுப்பினார்கள்.

"அந்த அம்மா என்ன சொன்னாங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க, கோ" என்று மை கேட்டாள். அவளை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. தெரிந்த வியட்நாமியத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசி வாக்கியத்துக்கு எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. திணறினேன். "இதுவா?" என்று, தகப்பன் விட்டுப்போன பிள்ளைகளை இங்கே வைகிற ஒரு சொல்லை அவளே எடுத்துக்கொடுத்தாள். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சொல்லாம். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஊரில் இருக்கிறவர்கள் போனில் கேட்கிறார்கள், அங்கே நம்மை மரியாதையாக நடத்துகிறார்களா என்று. நம்மை என்றால் யாரை என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

சில மாதம் கழித்து மைக்கு வேலை கிடைத்தது. நகரத்தை ஒட்டிய குச்சி என்ற ஊரில் ஒரு சிறிய ஆங்கில டியூஷன் மையம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். வாசல் பலகையில் அவள் படம் பெரிதாக இருந்தது. கீழே "மிஸ் மாயா, இந்தியா". முதலாளி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: வளாகத்துக்குள் அவள் வியட்நாமியம் பேசவும் கூடாது, புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. வகுப்பு முடிந்து இருவரும் வாசலுக்கு வந்தபோது மோட்டார் சைக்கிள்களில் தாய்மார்கள் காத்திருந்தார்கள். ஒருத்தி எங்களைப் பார்த்து இன்னொருத்தியிடம் உரக்கச் சொன்னாள்: "ரெண்டும் என்ன கருப்பு! தேய்ச்சுக் குளிச்சா போகுமோ?" இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மை அவர்களைப் பார்த்துப் புன்னகை செய்தாள். என் முகம் மாறியதைக் கண்டு, உதடு அசையாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்: "ப்ளீஸ், மிஸ். உங்களுக்கும் புரிய வேண்டாம்."

அவள் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டேன். கால்வாய்ப் பாலம் தாண்டும்வரை நிறுத்தாமல் ஓட்டினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கரும்புச் சாறு வண்டி. அங்கே இறங்கி, ஐஸ் குறைவாக, எலுமிச்சை கூடுதலாக என்று சந்துத் தமாஷோடு வியட்நாமியத்தில் கடகடவென்று பேசினாள். சாறு பிழிந்த பெரியவர் அசந்துபோனார்.

"நல்லாப் பேசுறியேம்மா! நம்ம ஊருக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"மூணு வருஷம், ஐயா" என்றாள் மை.

அது நான் இங்கே வந்து ஆன காலம். பெரியவர் என்னைப் பார்த்தார். "இவங்க இப்பத்தான் வந்திருக்காங்க" என்று அவளே சொல்லிவிட்டு, ஒரு குவளையை என் கையில் கொடுத்தாள்.