விமானி ரெத்தினத்தின் கடைசி வார்த்தை

இது நடந்தது. நம்பாதவர்கள் கும்பகோணத்துக்கு வந்து, ஆட்டோ ஒலிபெருக்கி விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கும் வஹாப் எங்கே என்று கேளுங்கள். இந்த வட்டாரத்து ‘வள்ளல்’கள் எல்லாரும் என் வாயால் பட்டம் பெற்றவர்கள்தான்.

போன டிசம்பர் ஐந்தாம் தேதி. மாலை 6.10. சாம்பசிவம் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். எழுபத்தாறு வயது. அவருடைய அண்ணன் ரெத்தினம் போர் விமானி. எழுபத்தொன்றாம் வருஷ யுத்தத்தில் மூன்று முறை எல்லை தாண்டிக் குண்டு போட்டுத் திரும்பியவர். நான்காம் முறை திரும்பவில்லை. அரை நூற்றாண்டு கழித்துத் தம்பி சிலை வைக்கிறார். மறுநாள் திறப்பு விழா; அதற்கான அறிவிப்புக்கு என் குரல் வேண்டும். அண்ணன் மார்பளவு. தம்பியின் பெயர் பொறித்த கல்வெட்டு ஆளுயரம்.

“கடைசியா வயர்லெஸ்ல அண்ணன் பேசினதையும் சேத்துக்க பாய். ‘என் தம்பிதான் இனி ஊருக்குக் காவல்.’”

“அப்படியா சொன்னாருங்க?”

“வேற எதைச் சொல்லியிருப்பாரு?”

பேசிப் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டோம். 6.32. என் குரல் கணீரென்று வந்தது. கடைசி வரி மட்டும் வரவில்லை. காற்றின் இரைச்சல்... பிறகு வேறொரு குரல்.

“சாம்பு... உங்க அண்ணி எங்கடா?”

ரெத்தினத்தின் மனைவி மங்களாம்பிகை. கணவரின் கருமாதி முடிந்த கையோடு, ராசியில்லாதவள் என்று அவரைத் தெருவில் விட்டவர் இந்தச் சாம்பசிவம். மறுநாள் கொள்ளிடத்தில் உடல் மிதந்தது. ஊருக்கே தெரியும். ஊர் பேசாது.

“அழிச்சுடு” என்றார்.

அழித்தேன். மறுபடி பேசினேன். மறுபடியும் அதே கேள்வி. இந்தத் தடவை இன்னும் பக்கத்தில்...

மூன்று முறை அழித்தேன். நான்காம் முறை அந்தக் குரல் வரவில்லை.

“பாத்தியா, மிஷின் கோளாறு.” அவர் சட்டை நனைந்திருந்தது.

மறுநாள் காலை 10.20. மேடை. ஆளுயர மாலை. சாம்பசிவம் சிலையின் திரைக்கயிற்றை இழுத்தார்.

இரைச்சல்.

ஒலிபெருக்கியை அணைத்திருந்தேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார்.

“வேணாண்ணே...”

விழுந்தார்.

பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால், பிரேதப் பரிசோதனை முடித்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“மறைக்காம சொல்லுங்க பாய். உடம்புல ஒரு எலும்புகூட முழுசா இல்ல. எத்தனையாவது மாடியிலேருந்து விழுந்தாரு?”

மேடையின் உயரம் மூன்றடி.